வெட்டிக் காட்டும் ஈரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச் முடிந்து கோழிக்கறியோடு வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் ஆட்டு ஈரல்தான். மிளகைத் தூக்கலாகப் போட்டுச் சின்ன வெங்காயத்தோடு வறுப்பாள். வாரம் முழுக்கச் சமையலை ஒரு கடமையாகச் செய்கிறவள், அதை மட்டும் ரசித்துச் செய்வாள். பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஈரல் கெடைக்கலையா?"

"கெடைச்சிது. வாங்கல."

"ஏம்மா?"

செல்போனை என் பக்கம் தள்ளினாள். சர்ச் பெண்கள் குழுவில் ஒரு செய்தித்தாள் துணுக்கின் படம். அதற்குக் கீழே யாரோ சேர்த்திருந்த இன்னொரு படத்தில் புழு அடைத்த ஏதோ ஓர் உறுப்பு. ஆட்டுடையதா, மனிதனுடையதா, வரைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. துணுக்கில் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் நின்று சிரித்தவர் என் ஆராய்ச்சி வழிகாட்டி. ஆரணியில், சேவூர் ரோட்டு வளைவில் உள்ள ஈரல் கடையில் எடுத்த ஆட்டு ஈரலில், உலகத்துக்கே புதிய புழு இனம் ஒன்றை அவர் கண்டுபிடித்திருப்பதாகச் செய்தி சொன்னது.

"உங்க காலேஜ்னுதானே போட்டிருக்குது," என்றாள் அம்மா. "இத்தப் பாத்த பிறகும் நான் போய் வாங்கினு வந்தா, டீச்சரே வாங்கறாங்கன்னு ஊரே பேசும்."

அம்மா பள்ளியில் அறிவியல் டீச்சர். ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைப் போர்டில் அம்புக்குறி போட்டுப் பல வருடமாக நடத்துகிறவள். ஆட்டுப் புழுக்கை, ஏரித் தண்ணீர், நத்தை, கரையோரப் புல், மறுபடியும் ஆடு. ஈரல் புழு போகும் வழி அவ்வளவுதான். வறுத்த ஈரலைத் தின்கிற மனிதன் அந்த வட்டத்தில் எங்கேயும் இல்லை. அம்மா வரைகிற படத்திலும் இல்லை. அதைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா? நானா சொல்றேன், ஊரு சொல்லுது," என்று கோழியைக் கழுவப் போனாள்.

எனக்கு ஏறிய கோபம் முதலில் அவள் மேல்தான். தெரியாதவர்கள் பயந்தால் அது பயம். தெரிந்தவர்கள் பயந்தால் அதற்கு வேறு பெயர் உண்டு. அன்று கோழிக்குழம்பை நான் தொடவில்லை.

நான் படிப்பது ஒட்டுண்ணிகளின் உறவுமுறை. எந்தப் புழுவுக்கு எந்தப் புழு சொந்தம், எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்பதை, அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிப்பது. உயிரணுவுக்குச் சக்தி தயாரிக்கிற சின்ன உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. அதற்கென்று சொந்தமாக ஒரு டிஎன்ஏ உண்டு. வளையல்போல வட்டமாக, சின்னதாக, முழுவதையும் படித்து முடிக்கிற அளவில் இருக்கும். முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பதால், தாய், தாயின் தாய் என்று கலப்பில்லாமல் பின்னால் நடந்து போகலாம். பல புழுக்களின் வளையங்களை எழுத்துக்கு எழுத்து வரிசையாக வைத்து ஒப்பிட்டால், கிளை கிளையாக ஒரு மரம் கிடைக்கும். அந்த மரம்தான் என் வேலை.

மரத்துக்குப் புழு வேண்டும். புழுவுக்காகத்தான் சேவூர் ரோட்டு ஈரல் கடை அக்காவிடம் போனேன். கறிக்கடை வாசலில் ஒரு பலகை, ஒரு மரக்கட்டை, ஒரு கத்தி, மேலே ஒரு தார்ப்பாய். கறிக்கடைக்காரர் வெட்டும் ஆடுகளின் தலை, கால், குடல், ஈரல் எல்லாம் அக்காவின் பலகைக்கு வரும். எங்கள் பக்கத்துத் தெருக்களில் பட்டுத் தறியில் நெய்து முடித்த சேலையை அறுத்தெடுத்தால் அன்றைக்கு அந்த வீட்டில் ஈரல் வாங்குவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வாங்குவார்கள். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்ன பிள்ளைகளுக்கு வாங்குவார்கள். அதனால் தலையும் காலும் மத்தியானம் வரை கிடந்தாலும், ஈரல் காலையிலேயே தீர்ந்துவிடும்.

முதல் தடவை போய், "புழு இருக்கற ஈரல் வந்தா எனக்கு எடுத்து வைங்கக்கா," என்றபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாரும் புழு இல்லாததக் கேப்பாங்க. நீ ஒருத்திதான் புழுவோட கேக்கற. மாப்பிள்ளைக்கு ஆக்கிப் போடப் போறியா?"

"படிப்புக்குக்கா."

"இதுக்குக் கூட படிப்பு கீதா? எங்க வூட்ல தெரிஞ்சிருந்தா என்னையும் படிக்க வெச்சிருப்பாங்க. புழுவுக்கு இன்னா குறைச்சல் இங்க."

அன்று முதல் எனக்கென்று கருப்பு கவரில் எடுத்து வைத்தார். அதுவரை அப்படிப்பட்ட ஈரலை என்ன செய்தார் என்று கேட்டேன். குழி தோண்டிப் புதைப்பாராம். நாய்க்குக்கூடப் போட மாட்டாராம். ஆட்டுக்குப் புழு வருவது பட்டுச் சாயத் தண்ணீரைக் குடிப்பதால்தான் என்பது அவருடைய முடிவு. சாயமில்லை, நத்தை என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "நத்த இன்னா பண்ணும் பாவம், அதுவே ஊர்ந்துகினு கீது," என்பார். அந்த விஷயத்தில் அவரை என்னால் அசைக்கவே முடியவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் எடுத்த ஒவ்வொரு புழுவும் அவர் விற்காமல் ஒதுக்கிய ஈரலிலிருந்து வந்தது. புழுவைப் பார்த்த பிறகும் தூக்கிப் போட மனமில்லாமல் நறுக்கி மற்றதோடு கலந்து விற்கிறவர்கள் உண்டு. அவர்கள் யார் பெயரும் செய்தித்தாளில் வரவில்லை. ஒதுக்கி வைத்தவரின் பலகை மட்டும், ரோடும் வளைவும் சொல்லி, அச்சில் வந்தது.

செய்தியைப் பார்த்த அன்று மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிறு மத்தியானம் ஈரல் இருக்கவே கூடாது. பலகையில் வாழை இலை மேல் இருந்தது. கருஞ்சிவப்பாக, பளபளப்பாக, ஒரு குறையும் இல்லாமல். ஈ ஓட்டிக்கொண்டிருந்தார் அக்கா.

"வாம்மா புழு டாக்டரு," என்றார். சிரிக்கவில்லை. "இன்னிக்கி ஒண்ணும் ஒதுக்கி வெக்கல. அல்லாத்தையும் ஒதுக்கி வெச்ச மாதிரிதான் கீது, எடுத்துகினு போ."

"அக்கா, நான் எதுவும் சொல்லல. எங்க சார்தான்..."

"சாருக்கு என் கட எங்க கீதுன்னு எப்படித் தெரியும்? கனாவுல வந்துச்சா?"

புழுக்களைப் போட்ட குப்பிகள் மேல் இடத்தின் பெயரை எழுதியது நான். எந்த ஆடு, எந்த உறுப்பு, எந்த ஊர், எந்தக் கடை என்று எழுதாமல் மாதிரி எடுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் துறையின் முதல் பாடம். குப்பி மேல் எழுதுவது குப்பிக்கு. செய்தித்தாளுக்கு இல்லை.

"கறிக்கடக்காரரு காலையிலயே வந்து பேசிட்டாரு," என்றார் அக்கா. "கொஞ்ச நாளு அந்தாண்ட தள்ளிப் போய் குந்துன்றாரு. என் பேஜாரு அவருக்கு ஒட்டிக்குமாம். தள்ளிப் போனா எவன் வருவான்? கறி வாங்க வரவங்கதானே எங்கிட்டயும் வாங்குவாங்க."

"நான் பேசறேன்கா."

"நீ யார்ட்ட இன்னா பேசுவியோ எனக்குத் தெரியாது. பேப்பர்ல போட்டத பேப்பர்லயே மாத்திப் போடச் சொல்லு. அவ்ளோதான் எனக்கு வேணும்."

மறுநாள் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். எனக்கு அது பழக்கம். ஒன்று, ஈரல்கள் விற்கப்படாதவை. இரண்டு, இந்தப் புழு சாப்பிடுகிறவருக்குத் தொற்றாது. மூன்று, புது இனம் என்று சொல்வதற்கான மரமே இன்னும் வரையப்படவில்லை. நான்காவது, ஐந்தாவதுகூட இருந்தது. அவர் அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் போயிற்று. செய்தித் துணுக்கு ஏற்கெனவே லேமினேட் ஆகி மேசையில் கிடந்தது.

என் வழிகாட்டி புழுக்களை உருவத்தை வைத்து வகைப்படுத்துகிறவர். அவர் கையால் வரைந்த புழுப் படங்களை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். குடலின் ஒவ்வொரு கிளையையும் மயிரிழையாக மையில் இழுப்பார். ஓய்வு பெற அதிக காலம் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு புழுவுக்குக்கூடப் பெயர் வைக்கவில்லை என்ற குறை அவருக்கு உண்டு. ஆட்டு ஈரலில் நான் எடுத்து வந்தவை, அவர் காலமெல்லாம் பார்த்த எருமை ஈரல் புழுக்களைவிடக் குட்டையாக, அகலமாக இருந்தன. அதைப் பார்த்த நாளிலிருந்து அவர் வேறு மனிதர்.

"பாத்தியா பேப்பர்?" என்றார்.

"பாத்தேன் சார். அந்தக் கடையில வியாபாரமே நின்னு போச்சு சார். அவங்க விக்காம ஒதுக்கி வெச்சததான் நமக்குக் குடுத்தாங்க."

"அப்படியா? நல்லது. அதை அவங்க கஸ்டமர்கிட்ட சொல்லட்டும்."

"கடை பேரு எதுக்கு சார் சொன்னீங்க?"

"கடை பேரு எங்க சொன்னேன்? இடம் சொன்னேன். ஒரு ஸ்பீஷீஸ் எங்க கெடைச்சுதுன்னு சொல்லாம அதை டிஸ்க்ரைப் பண்ண முடியுமாம்மா? உனக்குத் தெரியாததா?"

"ஜர்னலுக்குச் சொல்லணும் சார். நிருபருக்குச் சொல்லணும்னு எங்கயும் விதி இல்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்பட்டால் அப்படித்தான் செய்வார். "உன் ஜீனோம் வரட்டும். மரம் வந்தா எல்லாம் தானா சரியாயிடும்," என்றார். இனம் இருக்கிறதா என்று சொல்ல வேண்டியது மரம். இங்கே பெயர் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, பேட்டி கொடுத்தாகிவிட்டது, ஒரு பெண்ணின் வியாபாரம் படுத்துவிட்டது. இனி மரம் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்.

வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்த மாதிரியின் டிஎன்ஏ எழுத்துகள் அந்த மாதமே வந்தன. துண்டு துண்டாக வரும். ஒன்றின் நுனியையும் இன்னொன்றின் நுனியையும் பொருத்திப் பொருத்திக் கடைசியில் வட்டம் மூட வேண்டும். மூடியது. மரபணுக்களைக் குறித்தேன். நம் உடம்பு மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிற ஒரு மரபணு தட்டைப்புழுக்களிடம் கிடைப்பதில்லை. இதிலும் கிடைக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு, பல நாடுகளிலிருந்து மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு என்று எல்லாவற்றிலும் எடுத்த ஈரல் புழுக்களின் வளையங்களைப் பொதுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கி, எங்கள் புழுவையும் சேர்த்து மரம் போட்டேன்.

எங்கள் புழு தனியாக நிற்கவில்லை. ஓரத்தில்கூட நிற்கவில்லை. நம் நாட்டு எருமைகளிலும் மாடுகளிலும் காலங்காலமாக இருக்கும் ஈரல் புழுக்களின் நடுவில், கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்தது. குட்டையாக இருந்ததற்குக் காரணம் ஆடு. ஆட்டின் பித்தக்குழாய் சின்னது. பெரிய வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு, ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்த பிள்ளை வேறு என்று சொல்ல முடியுமா?

கணினி முன்னால் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டேன். புது இனம் இல்லை என்றால் செய்தி தவறு. செய்தி தவறு என்றால் திருத்தம் வரும். அக்கா கேட்டது அதுதானே. அச்செடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

வெகுநேரம் பார்த்தார். "மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும்தானே," என்றார் கடைசியில். "தாய் இந்தக் கூட்டம், தகப்பன் வேற கூட்டமா இருக்கலாம். அது இதுல தெரியாதே."

கேள்வி நியாயமானது. அப்படிக் கலப்புப் புழுக்கள் இருக்கின்றன. இதைக் கேட்பார் என்று தெரிந்துதான் உயிரணுவின் உட்கருவில் இருக்கிற டிஎன்ஏவின் ஒரு துண்டையும் பார்த்து வைத்திருந்தேன். அது இரண்டு பெற்றோர் பக்கத்தையும் காட்டும். அதிலும் அதே கூட்டம்தான். இரண்டாவது தாளை வைத்தேன்.

அதை அவர் தொடவில்லை. முதல் தாளையே இழுத்து, சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"படம் ரொம்ப நெருக்கமா இருக்கும்மா. எதுக்கு இவ்ளோ சீக்வென்ஸ்? ஜர்னல்ல படிக்கவே முடியாது. இது வேணாம், இது வேணாம்... இதெல்லாம் எடுத்துட்டு மறுபடி போடு."

அவர் குறுக்குக் கோடு போட்டவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தூரத்துச் சொந்தங்கள் ஒன்றையும் தொடவில்லை. எங்கள் புழுவுக்கு ஒட்டினாற்போல் இருந்த கிளைகள் மட்டும் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

என் இடத்துக்கு வந்து, அவர் சொன்னபடியே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். என்ன ஆகும் என்று தெரியும், இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நெருங்கிய சொந்தம் எல்லாம் போன பிறகு, எங்கள் புழு நீண்ட ஒற்றைக் கிளையில் தன்னந்தனியாக நின்றது. அந்தக் கிளை எவ்வளவு உறுதி என்று மென்பொருள் ஓர் எண் கொடுக்கும். நூற்றுக்கு நூறு கொடுத்தது. கொடுக்காமல் என்ன செய்யும், பக்கத்தில் போட்டிக்கு யாரும் இல்லையே.

எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். அந்த மரத்தில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. எந்த எண்ணையும் யாரும் மாற்றவில்லை. யார் சரிபார்த்தாலும் அதே மரம்தான் வரும். அண்ணன் தம்பி பெயரை எழுதாமல் விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்குகிறவனும் பொய் எதுவும் எழுதுவதில்லை. அவன் எழுதிய பெயர் உண்மையான பெயர், அப்பா உண்மையான அப்பா. எழுதாத பெயர்களில்தான் திருட்டு இருக்கிறது.

திரும்பிப் போய் நின்றேன். "இதுல என் பேரு வேணாம் சார்," என்றேன்.

"ஏன்?"

"சொந்தக்காரங்கள வெளிய தள்ளிட்டு அநாதைன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்."

"வார்த்தைய அளந்து பேசு. உன் தீசிஸ்ல கையெழுத்துப் போடப் போறது நான்."

"தெரியும் சார்."

அவர் குரலை உயர்த்தவில்லை. நானும் உயர்த்தவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் சொன்னது: "புழுவுக்காக எதுக்குடி உன் படிப்பக் கெடுத்துக்கற? அவரு பேரு வெச்சிட்டுப் போறாரு. எத்தனையோ புழு கீது, அதுல இது ஒண்ணு."

"அந்த அக்கா?"

"அவங்களுக்கு நீ இன்னா செய்ய முடியும்?"

இரண்டாவது முறையாக அவள் மேல் கோபப்பட்டேன். எங்கள் வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை போடும் வழக்கமில்லை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பை நகர்த்துகிற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

அரை ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் வேலையை ஒரு குழுவின் முன்னால் காட்ட வேண்டும். வெளிக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும் அதில் உண்டு. அந்தக் கூட்டத்தில் முழு மரத்தையே போட்டேன். ஒரு கிளையும் குறைக்கவில்லை. சார் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்தவர் சாய்ந்து உட்கார்ந்து, "அப்ப இது தெரிஞ்ச ஸ்பீஷீஸ்தானேம்மா? ஆனா பேப்பர்ல வேற மாதிரி வந்துதே," என்றார்.

"தெரிஞ்சதுதான் சார். பேப்பர்ல வந்தது தப்பு."

"வேலை இன்னும் முடியல," என்றார் என் சார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எல்லோருக்கும் டீ வந்தது. புது இனத்தைப் பற்றிய கட்டுரையின் பேச்சு அத்தோடு துறையில் நின்றுபோனது. லேமினேட் செய்த துணுக்கு மட்டும் தாழ்வார அறிவிப்புப் பலகையில் அப்படியே இருந்தது. திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன். "நாமளே போய் நம்ம மேல சேறு பூசிக்கணுமா?" என்றார்.

நிருபருக்கு நானே போன் செய்தேன். அவர் மரியாதையாகப் பேசினார். "புதுப் புழு இல்லன்னா அது எப்படிங்க மேடம் நியூஸ்? பழைய புழுவேதான்னு தலைப்பு வெக்க முடியுமா? வேற ஏதாவது புதுசா கண்டுபிடிச்சா சொல்லுங்க, நல்லா பெருசா போடறேன்."

இந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சுடுகிறது.

அக்காவின் பலகை அதற்குள் வளைவைத் தாண்டி, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் போயிருந்தது. போய்ச் சொன்னேன். "புதுப் புழு இல்லன்னு நிரூபிச்சிட்டேன்கா. எல்லா ஊருலயும் இருக்கற பழைய புழுதான்."

தலைக்கறியில் ரோமம் பொசுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"புதுசோ பழசோ, புழு புழுதானே. நான் இன்னா கேட்டேன் உன்னை? என் கடையில விக்கறதுல புழு இல்லன்னு போடச் சொன்னேன். நீ புழுவுக்கு ஜாதகம் பாத்துகினு வந்து நிக்கற."

அவர் சொன்னது அப்படியே சரி. நான் ஒரு மரத்துக்காகச் சண்டை போட்டிருந்தேன். மரம் சரியாகிவிட்டது. மரத்தைச் சார் பொய்யாக்காமல் தடுத்ததில் எனக்கு நியாயம் உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இந்த ரோட்டில் யாரும் மரத்தைப் பார்த்து ஈரல் வாங்காமல் போகவில்லை.

செய்தித்தாள் போடாவிட்டால் நானே போடுகிறேன் என்று ஒரு தாளில் எழுதினேன். எளிய தமிழில், வரிசை எண் போட்டு. புழு எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, வேகவைத்த ஈரலைச் சாப்பிட்டால் ஏன் வராது, சேவூர் ரோட்டுக் கடையில் புழு இருந்த ஈரல் ஒருபோதும் விற்கப்படவில்லை. கீழே என் பெயர், படிப்பு. சர்ச்சிலும் தறிக்காரர் தெருக்களிலும் கொடுக்கலாம் என்று எண்ணம். அச்சடிக்கும் முன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நீ நல்லதுக்குத்தான் எழுதிகீற. ஆனா இன்னொரு தபா என் கடையையும் புழுவையும் ஒரே காயிதத்துல எழுதாத. படிக்கறவன் பாதிதான் படிப்பான். அந்தப் பாதியில கடையும் புழுவும்தான் இருக்கும்."

"அப்ப என்னதான்கா செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாத. ஜனங்க மறக்கட்டும். நீ மட்டும் ஞாபகப்படுத்தாம இரு, போதும்."

தாளைக் கிழித்துப் போட்டேன். கிழிக்கும்போது வந்த கோபம் யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை. சார் மேல், நிருபர் மேல், படத்தை அனுப்பிய சர்ச் குழு மேல், செம்பை நகர்த்துகிற அம்மா மேல். பேர் போட்டதால் பிழைப்புக் கெட்ட அக்கா, நல்லது சொல்லக்கூடப் பேர் போட முடியாத இடத்துக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் புழுவின் முழு வளையத்தையும் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றினேன். இனத்தின் பெயர் கேட்கும் இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த பழைய பெயரை எழுதினேன். சார் பார்த்தார், மறுக்கவில்லை. அடுத்து, எடுத்த இடம் எது என்று கேட்டது. இதுவரை அந்தக் கட்டத்தை ஊர், ரோடு, கடை வரை நிரப்பாமல் விட்டதில்லை நான். துல்லியம்தான் மரியாதை என்று நம்பி வளர்ந்தவள். நாடு, மாநிலம் மட்டும் எழுதினேன். இன்னும் துல்லியமாகத் தர விரும்புகிறீர்களா என்று திரை கேட்டது. இல்லை என்று அழுத்தினேன்.

ஜனங்கள் மறந்தார்களா என்றால், பாதி மறந்தார்கள். கறிக்கடைக்காரர் திரும்பக் கூப்பிட, பலகை பழைய இடத்துக்கு வந்தது. ஈரல் மறுபடி விற்கிறது. ஒரே ஒரு புது வழக்கம் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் முழு ஈரலை எடுத்து இலையில் சுற்றிக் கொடுப்பார். இப்போது வாங்குகிறவர் ஒவ்வொருவரும், "வெட்டிக் காட்டுங்கக்கா," என்கிறார்கள். நீளவாக்கில் பிளந்து, இரண்டு பக்கமும் விரித்து, பித்தக்குழாயை அமுக்கிக் காட்ட வேண்டும். கறிக்கடைக்காரர் கறியை யாரும் பிரித்துக் காட்டச் சொல்வதில்லை. பக்கத்துத் தெருவில் நறுக்கிக் கலந்து விற்கிறவரிடமும் கேட்பதில்லை. அவர் ஏற்கெனவே நறுக்கித்தானே வைத்திருக்கிறார்.

போன ஞாயிறு நானும் அம்மாவோடு சர்ச் முடிந்து அங்கே போனேன். அந்தக் கோழிக்கறி ஞாயிறுக்குப் பிறகு அம்மா அந்தப் பலகைக்கு வருவது அதுதான் முதல் தடவை. அவளாகத்தான் வந்தாள், நான் கூப்பிடவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். எங்களுக்கு முன்னால் நின்றவருக்கு வெட்டிக் காட்டி முடித்த அக்கா, அம்மாவைப் பார்த்து, "வாங்க டீச்சர், எவ்ளோ நாளாச்சி," என்று ஒரு முழு ஈரலை எடுத்து இலையில் வைத்தார்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், மரியாதையாக, "ஒரு வாட்டி வெட்டிக் காட்டிடுங்களேன்," என்றாள்.

அக்கா கத்தியை வைத்து இழுத்தார். விரித்தார். அமுக்கினார். ஒன்றும் இல்லை. அம்மா தலையாட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு குடுங்கக்கா," என்றேன்.

அம்மா திரும்பினாள். "எதுக்கு ரெண்டு?"

அக்கா இன்னொன்றை எடுத்துக் கட்டையில் வைத்துக் கத்தியைத் தூக்கினார்.

"வெட்டாதீங்கக்கா. அப்படியே குடுங்க."

"பாக்க வேணாமா?"

"வேணாம்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பழைய மாதிரி முழுசாக இலையில் சுற்றினார். நீட்டும்போது, "அப்பறம் வூட்டுக்குப் போய் புழு இருந்துச்சின்னு பேப்பர்ல போடாத," என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

திரும்பி நடக்கையில் அம்மாவின் பையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே வந்தது. வெட்டிய ஈரல் அப்படித்தான், வீடு போய்ச் சேருவதற்குள் பாதி வடிந்துவிடும். சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையில் பட்டுவிடாமல், கையை நீட்டிப் பையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.